புது ஏர் ரைபிள் வந்தாச்சு: மார்க் பிறகு, முதலில் உடம்புக்குப் பொருத்துங்கள்

பல்லடம் பக்கமிருந்து ஒரு அண்ணன் கேட்டிருந்தார். மகள் ஒன்பதாவது படிக்கிறாள். ஒரு வருஷமாகக் கோவைக்கு வந்து கிளப் ரைபிளில் 10 மீட்டர் தூரத்து இலக்கைச் சுடப் பழகுகிறாள். இப்போது சொந்தமாகப் புது மேட்ச் (போட்டிக்கான) ஏர் ரைபிள் வாங்கியாகிவிட்டது. அதை எப்படி செட் செய்வது, எப்படிப் பராமரிப்பது, வீட்டில் சும்மா கிடக்கும் தறி ஷெட்டில் பயிற்சி வைக்கலாமா, மச்சானுடைய திருச்செங்கோட்டு ரிக் கம்ப்ரஸரில் காற்று பிடிக்கலாமா, இரண்டு வருஷம் கழித்து ஒரு செமி ஆட்டோமேட்டிக் .22 ரைபிளுக்கு மாறலாமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார்.

அண்ணா, காற்று விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதில் தவறினால் மார்க்தான் போகும், இதில் தவறினால் உயிர் போகும்.

உங்கள் ரைபிளின் சிலிண்டர் 200 பார் அழுத்தத்துக்கானது. போர்வெல் ரிக் கம்ப்ரஸர் பார்க்கப் பெரிதாக இருந்தாலும் அது நிறையக் காற்றைத் தள்ளும் இயந்திரம். அதன் அழுத்தம் 20, 25 பாரைச் சுற்றியே இருக்கும். பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் அதிலும் பாதி வராது. ரிக் காற்றில் எண்ணெய்ப் புகையும் ஈரமும் கலந்திருக்கும். ஆகவே மச்சானிடம் கேட்க வேண்டாம். இன்னொரு யோசனையை யாராவது சொல்வார்கள்: வெல்டிங் பட்டறை ஆக்ஸிஜன் சிலிண்டரில் அழுத்தம் இருக்கிறதே, லேத்தில் ஒரு அடாப்டர் கடைந்தால் போதுமே என்று. அதைச் செய்யவே கூடாது. அதிக அழுத்தத்தில் ஆக்ஸிஜன் போகும் இடத்தில் கொஞ்சம் கிரீஸோ ரப்பர் ஓ-ரிங்கோ இருந்தாலே தீப்பற்றி வெடிக்கும். இந்த ரைபிளுக்குள் போகக் கூடியது சுத்தமான, உலர்ந்த, சாதாரணக் காற்று மட்டும்.

அதற்கு வழி மூன்று. கிளப்பிலேயே நிரப்பிக்கொள்வது முதல் வழி. ஆரம்பத்தில் இதுதான் நல்லது. இரண்டாவது, சுவாசக் காற்று அடைத்த பெரிய சிலிண்டர் ஒன்று வைத்து அதிலிருந்து மாற்றுவது. அந்தச் சிலிண்டர் பெசோ (மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) ஒப்புதல் பெற்றதாகவும், காலமுறைச் சோதனை முடித்த முத்திரை உள்ளதாகவும் இருக்க வேண்டும். மூன்றாவது கைப்பம்பு. ஈரம் உறிஞ்சும் வடிகட்டி உள்ள பம்பாக வாங்குங்கள். கொஞ்சம் அடித்து, சூடு ஆறவிட்டு, மறுபடி அடியுங்கள். மழைச் சாரல் நாளில் அடிக்க வேண்டாம், காற்றோடு ஈரமும் உள்ளே போகும். பம்பு அடிக்கும் வேலை உங்களுடையது, பாப்பாவுடையது அல்ல. 150 பாரைத் தாண்டினால் பெரியவர்களுக்கே மூச்சு வாங்கும். பயிற்சிக்கு முன் அவள் கையும் தோளும் சோர்ந்துவிடக் கூடாது.

எந்த வழியானாலும் மெதுவாக நிரப்புங்கள். வேகமாக ஏற்றினால் சிலிண்டர் சூடாகும், முள் 200 காட்டும், ஆறியதும் இறங்கிவிடும். நிரப்பி முடித்ததும் இணைப்பில் நிற்கும் காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் திருகிக் கழற்ற வேண்டும். சிலிண்டரின் மேல் பொறித்திருக்கும் தயாரிப்புத் தேதியை இன்றைக்கே பாருங்கள். ஐரோப்பிய மேட்ச் ரைபிள் சிலிண்டர்களுக்குப் பெரும்பாலும் 10 வருஷம்தான் ஆயுள், அதுவும் தயாரித்த நாளிலிருந்து. நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. கடையில் இரண்டு வருஷம் கிடந்திருந்தால் அந்த இரண்டும் போயிற்று. ஆயுள் முடிந்த சிலிண்டரைப் போட்டிக்குக் கொண்டுபோகாமல் பார்த்துக்கொள்வது சுடுகிறவரின் பொறுப்பு என்று சர்வதேச விதியிலேயே இருக்கிறது. சித்திரை வெயிலில் காரிலும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். 27 டிகிரியில் 200 பார் நிரப்பிய சிலிண்டர், 60 டிகிரி ஏறிய காருக்குள் சுமார் 222 பாருக்குப் போய்விடும்.

சரி, இப்போது பொருத்துவதற்கு வருவோம்.

புது ரைபிள் வந்ததும் எல்லா வீட்டிலும் நடப்பது ஒன்றுதான். அன்று சாயங்காலமே இலக்கு அட்டை மாட்டி, எத்தனை பத்து விழுகிறது என்று எண்ணுவார்கள். கிளப் ரைபிளில் வந்ததைவிடக் குறைவாக வரும். உடனே டயாப்டரை (துளை வழியாகக் குறிபார்க்கும் பின் சைட்டை) திருகுவார்கள், ட்ரிகரை மாற்றுவார்கள், பெல்லட்டை மாற்றுவார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் எதை மாற்றியதால் எது நடந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே என் வேண்டுகோள்: முதல் மூன்று மாதம் வீட்டில் யாரும் பாப்பாவிடம் மார்க் கேட்கக் கூடாது. தாத்தா பாட்டிக்கும் இதைச் சொல்லி வையுங்கள். அந்த மூன்று மாதமும் ரைபிளை அவள் எலும்புக்குப் பொருத்துவதற்கு மட்டும்.

பொருத்தும்போது பாப்பா முழு உடையில் இருக்க வேண்டும்: ஜாக்கெட், கால்சட்டை, ஷூ, கையுறை எல்லாம் போட்டு. வீட்டு டீ-ஷர்ட்டில் நின்று அளவு வைத்தால் ஜாக்கெட் போட்டதும் எல்லாம் மாறிவிடும். வளர்கிற பிள்ளை என்று பள்ளிச் சீருடை போல ஜாக்கெட்டையும் ஒரு சுற்றுப் பெரிதாக எடுக்கும் பழக்கம் நமக்கு உண்டு. ஜாக்கெட்டில் அது ஆகாது. தொளதொளவென்று இருக்கும் ஜாக்கெட் முதுகைத் தாங்காது, மடிப்பு விழுந்து ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் உட்காரும். பணம் குறைவாக இருந்தால் ரைபிளில் ஒரு படி இறங்கி, ஜாக்கெட்டையும் ஷூவையும் அளவெடுத்து வாங்குங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வேன். நீங்கள் ரைபிளை வாங்கிவிட்டீர்கள், பரவாயில்லை. ஜாக்கெட்டை மட்டும் ஒருமுறை கோச்சிடம் காட்டிவிடுங்கள்.

முதலில் ரைபிள் இல்லாமல் நிற்கச் சொல்லுங்கள். அவள் வலது கைப் பழக்கம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். உடம்பின் இடப்பக்கம் இலக்கைப் பார்க்க, பாதங்கள் தோள் அகலம், முழங்கால் நேராக ஆனால் விறைக்காமல். இடுப்பு இலக்குப் பக்கம் கொஞ்சம் தள்ளி, இடது முழங்கை இடுப்பு எலும்பின் மேல் உட்கார வேண்டும். ரைபிளின் பாரம் கைத்தசையில் நிற்காமல் எலும்பு வழியாக இறங்கிப் பாதத்துக்குப் போக வேண்டும். இந்த நிலை சரியாக வந்த பிறகுதான் ரைபிளைக் கையில் கொடுப்பது.

இனி ரைபிள்தான் அவளிடம் வர வேண்டும், அவள் ரைபிளிடம் போகக் கூடாது. தலை நேராக நிற்க வேண்டும். தலை முன்னால் குனிந்தாலோ பக்கவாட்டில் சாய்ந்தாலோ காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு தடுமாறும், உடம்பு ஆடும். தோளில் அண்டும் தட்டான பட் பிளேட்டை மேலும் கீழும் நகர்த்தித்தான் இதைச் சரிசெய்ய வேண்டும். அடுத்தது பட், அதாவது ரைபிளின் பின்கட்டையின் நீளம். விரல் நுனியின் சதைப் பகுதி இயல்பாக ட்ரிகரில் படும் அளவுக்கு நீளம் போதும். எட்டிப் பிடிக்கிறாள் என்றால் பட் பிளேட்டுக்கு முன்னால் இருக்கும் இடைத் தட்டு ஒன்றைக் கழற்றுங்கள். பதினான்கு வயதில் உயரம் ஏறிக்கொண்டே இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்த நீளத்தை மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

கன்னம் சாயும் கட்டையான சீக் பீஸில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். இதற்கு ஒரு சோதனை உண்டு. பாப்பா கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளில் வைத்து, கன்னத்தை அழுத்தாமல் சாய்க்கட்டும். இரண்டு மூச்சு விட்டபின் கண்ணைத் திறக்கட்டும். பின் சைட்டின் துளைக்கு நடுவில் முன் சைட் வட்டம் தெரிந்தால் சரி. கீழே தெரிந்தாலும் மேலே தெரிந்தாலும் சீக் பீஸைத்தான் மாற்ற வேண்டும், கழுத்தை அல்ல. அரை மில்லிமீட்டர் மாற்றம்கூட இங்கே தெரியும். கண்ணுக்கும் பின் சைட்டுக்கும் இடையில் ஐந்து சென்டிமீட்டர் போல இருக்கட்டும். மற்றக் கண்ணை மூட வைக்காதீர்கள், அதன் முன் ஒரு மறைப்பு வைத்து இரண்டு கண்ணும் திறந்தே இருக்கட்டும். ஒரு கண்ணை இறுக்கினால் அந்த இறுக்கம் முகம் முழுக்கப் பரவும்.

முன் சைட் வட்டத்தைப் பொறுத்தவரை, சின்ன வட்டம் போட்டால் துல்லியம் கூடும் என்று நினைப்பார்கள். நடப்பது தலைகீழ். 10 மீட்டர் இலக்கின் கறுப்பு 30.5 மில்லிமீட்டர் விட்டம். வட்டம் அதை நெருக்கிப் பிடித்தால் சின்ன ஆட்டம்கூடப் பெரிதாகத் தெரியும். பிள்ளை பயந்து ரைபிளை இறுக்கிப் பிடிப்பாள், ட்ரிகரில் விரல் உறைந்துவிடும். கறுப்பைச் சுற்றி நன்றாக வெள்ளை தெரியும்படி பெரிய வட்டமே போடுங்கள். வட்டத்துக்குள் வட்டத்தை நடுவில் வைப்பதைக் கண் தானாகவே செய்துகொள்ளும்.

எடையும் முக்கியம். விதிப்படி 10 மீட்டர் ரைபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம். அது உச்சவரம்பு, அங்கே போய்ச் சேர வேண்டும் என்று இல்லை. கூடவே வந்த எடைத் துண்டுகளை எல்லாம் இப்போதைக்குக் கழற்றிப் பெட்டியில் போடுங்கள். ரைபிளின் சமநிலைப் புள்ளி இடது கைக்கு மேலோ சற்று முன்னாலோ இருந்தால் போதும். கனமான ரைபிள் குறைவாக ஆடும் என்பது உண்மை, ஆனால் அதைத் தாங்கும் முதுகு இருந்தால்தான். இந்த நிலையில் முதுகெலும்பு ஒரு பக்கமாகவே வளைந்து நிற்கிறது. வளரும் வயதில் எதிர்ப்பக்கத்துக்கும் வயிறு, முதுகுத் தசைகளுக்கும் தினமும் உடற்பயிற்சி இல்லாமல் இந்த விளையாட்டைத் தொடர விடாதீர்கள். முதுகு வலிக்கிறது என்று அவள் சொன்னால் அன்றைக்குப் பயிற்சி இல்லை, அவ்வளவுதான்.

பொருத்தி முடித்ததும் ஒவ்வொரு அளவுகோலிலும் உள்ள எண்ணை ஒரு நோட்டில் எழுதுங்கள். முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்து வையுங்கள். பென்சிலால் கோடு போடுங்கள். அப்புறம் இரண்டு வாரத்துக்கு எதையும் தொடக் கூடாது. மாற்ற வேண்டுமென்றால் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும், அதையும் தேதி போட்டு எழுதிவிட்டு.

ட்ரிகர் இரண்டு கட்டமாக வேலை செய்யும்: முதலில் லேசான இழுப்பு, பிறகு ஒரு சுவர் போல நிற்கும் இடம், அதைத் தாண்டினால் வெடி. ரைபிளுக்கு ட்ரிகர் எடையில் விதி வரம்பு கிடையாது, நூறு கிராமைச் சுற்றி வைப்பவர்களே அதிகம். பாப்பாவுக்கு முதல் மாதங்களில் அதைவிடக் கொஞ்சம் கனமாகவே வைப்பேன். அந்தச் சுவரை விரல் தெளிவாக உணரப் பழகிய பிறகு குறைக்கலாம்.

ஜீரோ செய்வது, அதாவது குறிபார்த்த இடத்திலேயே பெல்லட் விழும்படி பின் சைட்டைத் திருத்துவது, இதற்கெல்லாம் பிறகு. ஐந்து பெல்லட் ஒரு க்ரூப்பாக விழட்டும், அந்த க்ரூப்பின் நடுவைப் பார்த்துத்தான் கிளிக் திருப்ப வேண்டும். ஒற்றைப் பெல்லட் எட்டில் விழுந்தது என்று திருப்பினால் நாள் முழுக்கத் துரத்திக்கொண்டே இருப்பீர்கள். ஜெர்மன் டயாப்டரில் எச், டி, எல், ஆர் என்று எழுத்துகள் இருக்கும்: மேலே, கீழே, இடம், வலம். நம்மில் பலரைக் குழப்புவது இதுதான். பெல்லட் மேலே விழுந்தால் எச் என்று போட்டிருக்கும் பக்கம் திருப்ப வேண்டும், அது பெல்லட்டைக் கீழே கொண்டுவரும். அதாவது எழுத்து, தவறு எங்கே என்பதைச் சொல்கிறது. உங்கள் ரைபிளின் கையேட்டில் ஒருமுறை பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

பெல்லட் 4.5 மில்லிமீட்டர், தட்டைத் தலை, எடை அரை கிராமைச் சுற்றி இருக்கும். தலை அளவு 4.48, 4.49, 4.50 என்று டப்பாவில் போட்டிருக்கும். ஒவ்வொரு குழலுக்கும் ஒன்று பிடிக்கும். ரைபிளோடு வந்த சோதனை அட்டையில் ஆலையில் எந்தப் பெல்லட்டால் சுட்டார்கள் என்று இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். இப்போதைக்கு ஒரே வகை, ஒரே அளவு போதும். பெல்லட் தேர்வு பாப்பாவின் க்ரூப் சுருங்கிய பிறகு செய்ய வேண்டிய வேலை.

பயிற்சி என்றதும் பெல்லட் டப்பா எத்தனை தீர்ந்தது என்று கணக்குப் பார்க்க வேண்டாம். முதல் காலத்தில் பாதிக்கு மேல் பெல்லட் இல்லாத பயிற்சியாக இருக்கட்டும். மேட்ச் ரைபிளில் ட்ரை ஃபயர் வசதி இருக்கும். குழலில் பெல்லட் இல்லை என்று உறுதி செய்துவிட்டு, வெறும் வெள்ளைச் சுவரையோ கறுப்பு இல்லாத அட்டையையோ பார்த்து ட்ரிகர் விடச் சொல்லுங்கள். மார்க் இல்லை, பத்து இல்லை, பார்க்க ஒன்றுமே இல்லை. அப்போதுதான் விரல் என்ன செய்கிறது, தோள் என்ன செய்கிறது என்று கவனம் உள்ளே திரும்பும்.

தினமும் தொடங்கும் முன் ஒரு சோதனை: நின்று, ரைபிளை வைத்து, கண்ணை மூடி, மூச்சை விட்டு, கண்ணைத் திறக்க வேண்டும். ரைபிள் இலக்குக்கு வலப்பக்கம் பார்த்தால் கையால் இழுத்து வரக் கூடாது, பின்பாதத்தைக் கொஞ்சம் நகர்த்தி முழு உடம்பையும் திருப்ப வேண்டும். கையால் இழுத்து வைத்தது ட்ரிகர் விடும் நேரத்தில் பழைய இடத்துக்கே ஓடும்.

ஒரு ஷாட் என்பது இதுதான். ரைபிளைத் தூக்கி, இலக்குக்கு மேலிருந்து மூச்சை விட்டபடி இறங்கி, கறுப்பு வட்டத்துக்குள் வந்ததும் மூச்சை நிறுத்தி, ட்ரிகரின் சுவரைத் தொட்டு, விட்டு, அதன் பிறகும் இரண்டு நொடி அப்படியே நின்று பார்ப்பது. பிறகு அட்டையையோ கிளப் திரையையோ பார்க்காமல், எங்கே விழுந்திருக்கும் என்று வாயால் சொல்ல வேண்டும்: "இரண்டு மணிப் பக்கம், ஒன்பது." சொன்னதும் விழுந்ததும் ஒத்துப்போகத் தொடங்கினால் பாப்பா முன்னேறுகிறாள் என்று அர்த்தம், அந்த நாள் மார்க் என்னவாக இருந்தாலும்.

இதில் மிகக் கடினமானது ட்ரிகர் விடுவதில் இல்லை, விடாமல் இறக்கி வைப்பதில் இருக்கிறது. மூச்சை நிறுத்தி எட்டு நொடிக்குள் போகவில்லை என்றால் இறக்கிவிட வேண்டும். அதற்கு மேல் கண்ணும் தசையும் சோர்ந்துவிடும், கண்முன் தெரிவதை நம்ப முடியாது. பிள்ளைகள் இறக்க மாட்டார்கள், இவ்வளவு நேரம் பிடித்தாயிற்றே என்று விட்டுவிடுவார்கள். இறக்கி வைத்த ஒவ்வொரு தடவையும் நோட்டில் ஒரு குறி போடச் சொல்லுங்கள், அதைப் பாராட்டுங்கள். போட்டியில் 60 ஷாட்டுக்கு 75 நிமிடம் இருக்கிறது. நேரம் நிறைய.

2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கிய இறுதிச் சுற்றைப் பாப்பாவுக்குக் காட்டுங்கள். கடைசி ஷாட்டுக்கு முன் அவரும் பின்லாந்தின் ஹென்றி ஹேக்கினனும் சமம். பிந்த்ரா 10.8 வைத்தார், மொத்தம் 700.5. ஹேக்கினன் 9.7 வைத்து மூன்றாம் இடத்துக்கு இறங்கினார். அந்தக் கடைசி ஷாட்டில் பிந்த்ரா புதிதாக எதையும் செய்யவில்லை, முந்தைய ஷாட்டுகளில் செய்ததையே செய்தார் என்பதைப் பிள்ளை கவனிக்க வேண்டும்.

மூன்று மாதத்துக்குப் பிறகு மார்க் எழுதத் தொடங்குங்கள். ஒரு ஷாட்டுக்கு 10.9 உச்சம், 60-க்கு 654. சராசரி 10.0 வந்தால் 600, 10.3 வந்தால் 618. உலக அளவில் இறுதிச் சுற்றுக்கு 630-ஐ ஒட்டி வேண்டியிருக்கிறது. பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. அவள் வயதில் 600-ஐ நிலையாகத் தொட வருஷங்கள் ஆகலாம், அது இயல்பு. மாவட்டம், மாநிலம், பிறகு தேசிய அளவு என்று படி இருக்கிறது. தகுதி மார்க் என்ன என்று அந்தந்த வருஷம் ரைபிள் சங்கம் சொல்லும்.

தறி ஷெட் அருமையான இடம், ஆனால் வேலை இருக்கிறது. முதலில் பஞ்சுத் தூசி. ஓரங்களிலும் கூரைச் சட்டத்திலும் ஒட்டியிருப்பதை முழுக்கத் துடைத்து எடுங்கள், ரைபிளின் நுண்ணிய பாகங்களுக்கு அது ஆகாது. சுடும் கோட்டிலிருந்து அட்டை வரை சரியாக 10 மீட்டர், அட்டையின் நடு தரையிலிருந்து 1.4 மீட்டர். அட்டைக்குப் பின்னால் பெல்லட்டைக் கீழே தள்ளிப் பிடிக்கும் இரும்புப் பெட்டி, அதற்கும் பின்னால் செங்கல் சுவர். சிமெண்ட் சீட்டுத் தடுப்பை நம்பாதீர்கள். கதவு சுடுபவருக்குப் பின்னால் மட்டும் இருக்க வேண்டும், முன்னால் இருக்கும் வழியை நிரந்தரமாக அடைத்துவிடுங்கள். அட்டை மேல் நல்ல வெளிச்சம், 1500 லக்ஸ் குறையாமல். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உங்கள் ஊரில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். அரை கிராம் பெல்லட்டை அது நகர்த்தும், பாப்பாவையும் ஆட்டும். ஜன்னலை மூடிவிட்டுச் சுடட்டும்.

இந்த ரைபிளின் வேகம் நொடிக்கு 170 மீட்டர் போல, ஆற்றல் 7.5 ஜூல் அளவு. காகிதத்துக்குத்தான் என்றாலும் ஒரு கண்ணைப் பறிக்க அது போதும். குழல் எப்போதும் அட்டைப் பக்கம். சுடாத நேரத்தில் போல்ட் திறந்து, குழல் காலி என்று காட்டும் பாதுகாப்புக் கொடி குழலில். பெரியவர் ஒருவர் இல்லாமல் பயிற்சி இல்லை. முடிந்ததும் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவி உங்களிடம். பெல்லட் ஈயம். தொட்ட கையோடு முறுக்கோ டீயோ கூடாது, சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான்.

பராமரிப்பு நினைப்பதைவிடக் குறைவு, அதிகமாகச் செய்வதால்தான் கெடுகிறது. ஒவ்வொரு நாளும் கை பட்ட இரும்பை எல்லாம் லேசாக எண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள், வியர்வை உப்பு ஒரே வாரத்தில் துரு ஏற்றும். ஐந்நூறு, ஆயிரம் பெல்லட்டுக்கு ஒருமுறை சுத்தம் செய்யும் ஃபெல்ட் உருண்டைகளைப் பெல்லட் போடும் பக்கமிருந்து முனைப் பக்கமாக அனுப்புங்கள், எதிர்த் திசையில் கம்பி விட வேண்டாம். குழலுக்குள்ளும் காற்று போகும் வழியிலும் தேங்காய் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய் எதுவும் கூடாது. சிலிண்டர் சேரும் ஓ-ரிங்குக்குக் கையேட்டில் சொன்ன கிரீஸ் மட்டும், அதுவும் விரல் நுனியில் மினுக்கும் அளவு. சிலிண்டரை முழுக்கக் காலியாக வைக்காதீர்கள், கொஞ்சம் அழுத்தம் இருந்தால்தான் உள் வால்வு சரியாக மூடியிருக்கும். பெட்டியின் பஞ்சு ஈரம் பிடிக்கும், சிலிக்கா ஜெல் பை போட்டு, மழைக்காலத்தில் அவ்வப்போது திறந்து ஆறவிடுங்கள். வாரம் ஒருமுறை பட் பிளேட், சைட் திருகுகளைத் தொட்டுப் பாருங்கள். க்ரூப் திடீரென்று சிதறினால் முதல் சந்தேகம் தளர்ந்த திருகின் மேல் இருக்கட்டும்.

கணபதி, பீளமேடு பக்கம் இருக்கும் பட்டறைக்காரர்கள் எதையும் கடைந்து தருவார்கள், திறமையில் குறையே இல்லை. எடைத் துண்டு, பட் பிளேட் இடைத் தட்டு, ரைபிள் வைக்கும் ஸ்டாண்ட் இவற்றையெல்லாம் தாராளமாக அங்கே செய்யுங்கள். சிலிண்டர், வால்வு, ரெகுலேட்டர், குழல், ட்ரிகர் உட்பாகம் இவற்றை மட்டும் திறக்கவே விடக் கூடாது. அது தயாரிப்பாளரின் சர்வீஸ் ஆள் செய்ய வேண்டியது.

சட்டத்தைப் பொறுத்தவரை, 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள ஏர் ரைபிளுக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. ஆனாலும் பில், கிளப் அட்டை இரண்டின் நகலும் பெட்டியிலேயே இருக்கட்டும், கோவைக்குப் பஸ்ஸில் வரும்போது யாராவது கேட்டால் காட்டலாம். இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். நம் பக்கம் மயில் தொல்லை எவ்வளவு என்று எனக்குத் தெரியும், விதைத்ததை எல்லாம் கிளறிவிட்டுப் போகும். அதற்காக இந்த ரைபிளை யாரும் கையில் எடுக்கக் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை அது, சிறைத் தண்டனை உண்டு. பக்கத்துத் தோட்டத்துக்காரர் "ஒரு தடவை கொடுங்க" என்று கேட்டாலும் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

கடைசியாக செமி ஆட்டோமேட்டிக். ஒரு குண்டு வெடித்த விசையையே கொண்டு வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளி அடுத்ததை ஏற்றிக்கொள்ளும் அமைப்பு அது. நம் 10 மீட்டர், 50 மீட்டர் ரைபிள் போட்டிகளில் அதற்கு இடமே இல்லை, ஒவ்வொரு குண்டையும் கையால் வைத்து ஒற்றையாகத்தான் சுட வேண்டும். அரைத் தானியங்கி 25 மீட்டர் பிஸ்டல் பிரிவில்தான் உண்டு. பாப்பா 50 மீட்டருக்குப் போக ஆசைப்பட்டால் அவளுக்குத் தேவை ஒற்றைக் குண்டு போல்ட் .22. அது வெடிமருந்து ஆயுதம், உரிமம் வேண்டும். 21 வயது முடியாதவருக்குப் பொது உரிமம் கிடைக்காது, விளையாட்டு வீரர்களுக்கான விதிகள் தனி. அதைச் சங்கத்தின் வழியாகத்தான் அணுக வேண்டும், ஆரம்பத்தில் கிளப் ரைபிளிலேயே பழகலாம். இப்போதைய ஜாக்கெட், கால்சட்டை, ஷூ எல்லாம், அளவு சரியாக இருந்தால், அங்கேயும் ஆகும். ஸ்லிங் (ரைபிளைத் தாங்கக் கையில் மாட்டும் வார்) கட்டிப் படுத்தும் முட்டி போட்டும் சுடும் நிலைகள் மட்டும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும். 10 மீட்டரில் நிற்கும் நிலை உறுதியாகி, மார்க் ஒரு சீசன் முழுக்க ஒரே அளவில் வந்த பிறகு கோச்சிடம் அந்தப் பேச்சை எடுங்கள்.